மருந்துக்கு விலை வைப்பது யார்?

ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது, பள்ளிவாசல் வாசலில் இரண்டு இளைஞர்கள் துண்டை விரித்துப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "நம் ஊர்ச் சகோதரருக்குப் புற்றுநோய். மாத்திரைக்கே மாதம் இத்தனை ஆயிரம் ஆகிறது. உங்களால் இயன்றதைக் கொடுங்கள்" என்று அறிவிப்பார்கள். நாமும் பையில் இருப்பதைப் போட்டுவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

கொடுத்தது நல்ல காரியம். அதில் சந்தேகமில்லை. ஆனால் என்றைக்காவது ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறோமா? ஒரு மாத்திரைக்கு ஏன் இந்த விலை? அந்த விலையை வைத்தது யார்?

மூலப்பொருள் விலை உயர்ந்தது என்பதாலா? பல மருந்துகளின் விஷயத்தில் காரணம் அதுவல்ல. காரணம் ஒரு சட்டம். பேட்டன்ட் எனப்படும் காப்புரிமைச் சட்டம். காப்புரிமை பெற்றவரின் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அந்தப் பொருளைச் செய்யக் கூடாது, விற்கக் கூடாது. விற்பவர் ஒருவரே என்றால் விலையும் அவர் சொன்னதுதானே?

எனவே இது வக்கீல்களின் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அந்தத் துண்டில் விழும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இந்தச் சட்டத்தோடு சம்பந்தம் உண்டு.

டங்கல் திட்டம் என்ன ஆனது?

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு 'டங்கல் திட்டம்' என்ற பெயர் நினைவிருக்கும். காட் அமைப்பின் தலைமை இயக்குநர் ஆர்தர் டங்கல் 1991 டிசம்பரில் முன்வைத்த வரைவு அது. அதை எதிர்த்து நாட்டில் எத்தனையோ ஊர்வலங்கள் நடந்தன. பிறகு எல்லோரும் அதை மறந்துவிட்டோம். ஆனால் அது மறையவில்லை. 1994 ஏப்ரல் 15 அன்று மொராக்கோவின் மராகேஷ் நகரில் கையெழுத்தான ஒப்பந்தங்களில் அது இடம்பெற்றது. 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அதன் ஓர் அங்கம்தான் 'டிரிப்ஸ்' எனப்படும் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம். உறுப்பு நாடுகள் மருந்துக்கும் 20 ஆண்டு காப்புரிமை தர வேண்டும் என்பது அதன் விதி. இந்தியாவுக்கு 2005 வரை அவகாசம் கிடைத்தது.

அதற்கு முன் நம் நாட்டில் என்ன நிலை? வெள்ளையர்கள் எழுதிய 1911-ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தது. அதை ஆராய்ந்த நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959-ல் அறிக்கை தந்தார். அதன் அடிப்படையில் 1970-ல் புதிய காப்புரிமைச் சட்டம் வந்தது. மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் உண்டு, அதுவும் அதிகபட்சம் 7 ஆண்டுகள்தான் என்று அந்தச் சட்டம் சொன்னது. அதே மருந்தை வேறொரு செய்முறையில் தயாரித்தால் யாரும் தடுக்க முடியாது.

இதன் பலனை உலகம் கண்டது. க்வாஜா அப்துல் ஹமீது 1935-ல் தொடங்கிய சிப்லா நிறுவனம், 2001-ல் எய்ட்ஸ் மருந்துகளை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. அன்று மேலை நாட்டு நிறுவனங்களின் விலை 10,000 டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவின் ஏழைகளுக்கு அந்த மருந்து எட்டியதற்கு நம் நாட்டின் ஒரு சட்டம் காரணமாக இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சென்னையில் தொடங்கிய வழக்கு

2005-ல் அவகாசம் முடிந்தது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மருந்துக்கும் காப்புரிமை தந்தது. ஆனால் இடதுசாரிக் கட்சிகளின் வற்புறுத்தலால் அதில் ஒரு வேலியும் போடப்பட்டது. அதுதான் 3(டி) பிரிவு. ஏற்கெனவே அறியப்பட்ட மருந்தை உப்பு வடிவிலோ படிக வடிவிலோ மாற்றிக்கொண்டு வந்து 'இது புதியது' என்று சொன்னால் மட்டும் போதாது. குணப்படுத்தும் ஆற்றல் கூடியிருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும்.

இந்த வேலியில் முதலில் மோதியது சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம். ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு அதன் கிளிவெக் மாத்திரை உயிர் காக்கும் மருந்து. அன்று அதன் விலை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. அதே மருந்தை உள்நாட்டு நிறுவனங்கள் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்கு விற்றன. அந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் 1998-லேயே சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டிருந்தது. மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் சில உள்நாட்டு நிறுவனங்களும் ஆட்சேபித்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது.

நோவார்ட்டிஸ் சும்மா இருக்கவில்லை. 3(டி) பிரிவே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்டில் அந்த வழக்கு தள்ளுபடியானது. பிறகு மேல்முறையீட்டு வாரியம், அதன் பிறகு உச்ச நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா தேசாய் இருவரும் தீர்ப்பளித்தார்கள். புதிய வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்பது நிறுவனத்தின் வாதம். அதனால் நோயைக் குணப்படுத்தும் ஆற்றல் கூடியது என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது.

ஏழாண்டுப் போராட்டம்! சட்டத்தின் ஒரே ஒரு உட்பிரிவுக்காக! ஒரு பன்னாட்டு நிறுவனம் அந்த உட்பிரிவின் மதிப்பை அறிந்திருந்தது. நாம் அறிந்திருந்தோமா?

அவர்கள் கேட்கும் கேள்வி

"கோடிக்கணக்கில் செலவழித்துக் கண்டுபிடித்தவன் லாபம் எடுக்கக் கூடாதா? எவனோ காப்பியடித்து விற்பது நியாயமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். பிறர் உழைப்பைத் திருடுவதை நாம் ஆதரிக்கவில்லை. உழைத்தவனுக்குக் கூலி கிடைக்கத்தான் வேண்டும்.

ஆனால் 3(டி) பிரிவு புதிய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமையை மறுக்கவில்லை. பழைய சரக்கைப் புதிய உறையில் போட்டு, இருபது ஆண்டுகளை நாற்பதாக்கும் தந்திரத்தைத்தான் தடுக்கிறது. மேலும் அந்த உழைப்பு முழுவதும் நிறுவனத்துடையதா? கிளிவெக் மருந்தை நோயாளிகளிடம் சோதித்து நிலைநாட்டியதில் அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழக மருத்துவர் பிரையன் ட்ரூக்கருக்குப் பெரும் பங்கு உண்டு.

"பெரும்பாலான நோயாளிகளுக்கு நாங்கள் இலவசமாகவே தருகிறோம்" என்றும் நோவார்ட்டிஸ் சொன்னது. இலவசமாகப் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் இலவசம் என்பது கொடுப்பவரின் விருப்பம். அவர் நினைத்தால் நிறுத்தலாம். நோயாளிக்கு வேண்டியது தயவா, உரிமையா?

உள்நாட்டு நிறுவனங்களும் தர்ம ஸ்தாபனங்கள் அல்ல. அவையும் லாபத்துக்குத்தான் தொழில் செய்கின்றன. ஆனால் ஐந்து பேர் விற்கும் சந்தையில் விலை இறங்கும், ஒருவரே விற்கும் சந்தையில் இறங்காது. விஷயம் அவ்வளவுதான்.

ஒரே முறை திறந்த கதவு

சட்டத்தில் இன்னொரு கதவும் இருக்கிறது. அதன் பெயர் கட்டாய உரிமம். மருந்து மக்களுக்கு எட்டாத விலையில் இருந்தால், காப்புரிமைதாரர் சம்மதிக்காவிட்டாலும் மற்றொருவர் தயாரிக்க அரசு உரிமம் தரலாம். இந்த உரிமை எல்லா நாடுகளுக்கும் உண்டு என்று 2001 நவம்பரில் கத்தார் நாட்டின் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் மாநாடே உறுதி செய்திருக்கிறது.

2012 மார்ச்சில் இந்தியா இதைப் பயன்படுத்தியது. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான நெக்ஸவார் மருந்தை மாதம் 2,80,428 ரூபாய்க்கு விற்றது. ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு உரிமம் தரப்பட்டது. விலை 8,880 ரூபாய் ஆனது! பேயருக்கும் விற்பனையில் 6 சதவீதம் பங்கு என்று தீர்மானிக்கப்பட்டது, பிறகு அது 7 சதவீதமானது. கண்டுபிடித்தவனும் வெறுங்கையோடு போகவில்லை, நோயாளியும் சாகவில்லை.

இவ்வளவு நல்ல வழியைப் பிறகு எத்தனை மருந்துகளுக்குத் திறந்தார்கள்? அடுத்து வேறு மருந்துகளுக்கு வந்த விண்ணப்பங்கள் 2013-லும் 2016-லும் நிராகரிக்கப்பட்டன. வல்லரசுகளின் நெருக்குதல் ஒரு பக்கம், நம் மக்களின் மௌனம் மறுபக்கம்.

சத்தமில்லாமல் தளரும் வேலி

3(டி) பிரிவை யாரும் நீக்கவில்லை. ஆனால் சுற்றிலும் வேலி தளர்த்தப்படுகிறது. காப்புரிமை வழங்கப்படுமுன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்பது நம் சட்டத்தின் சிறப்பு. 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தம் இதற்குக் கட்டணம் வைத்தது. ஆட்சேபம் விசாரணைக்கு ஏற்கத் தக்கதா என்று அதிகாரி முதலில் பார்ப்பார் என்றும் சொன்னது. காப்புரிமை பெற்ற மருந்தை இந்நாட்டில் எவ்வளவு தயாரித்தார்கள், விற்றார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் தர வேண்டியிருந்தது, அது மூன்றாண்டுக்கு ஒருமுறை என்றானது. கட்டாய உரிமம் கேட்பவருக்கு அந்தக் கணக்குதானே ஆதாரம்?

2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தைப் பாருங்கள். மருந்து மக்களுக்குக் கிடைக்கச் சிறந்த வழி நிறுவனங்கள் தாமாக முன்வந்து தரும் உரிமமே என்ற கருத்து அதில் இடம்பெற்றிருக்கிறது. கட்டாய உரிமத்தைச் சட்டத்திலிருந்து எடுக்காமலே ஓரமாக ஒதுக்கி வைக்கும் வார்த்தைகள் இவை.

இரண்டு பெண்கள் செய்தது

"இதில் நம்மால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். இரண்டு பெண்கள் செய்ததைச் சொல்கிறோம். ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். இருவரும் காசநோயிலிருந்து பிழைத்தவர்கள், சிகிச்சையின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தவர்கள். கடும் காசநோய்க்கான பெடாக்குலின் மருந்தின் காப்புரிமையை 2027 வரை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் ஓர் உப்பு வடிவத்துக்கு விண்ணப்பித்தபோது, இவர்கள் ஆட்சேபம் தாக்கல் செய்தார்கள். 2023 மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மூல காப்புரிமை அந்த ஜூலையில் முடிந்தது. உள்நாட்டு நிறுவனங்களுக்கு வழி திறந்தது. காது கேளாத இருவரின் குரல் காப்புரிமை அலுவலகத்தில் கேட்டது!

நம் பிள்ளைகளில் சட்டம் படிப்பவர்கள் இருக்கிறார்கள், மருந்தியல் படிப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தத் துறையில் சிலராவது தேர்ச்சி பெறட்டும். ஓட்டுக் கேட்டு வரும் நாடாளுமன்ற வேட்பாளரிடம் சாலையும் சாக்கடையும் கேட்பதோடு, "மருந்துக் காப்புரிமையில் உங்கள் நிலை என்ன?" என்றும் கேளுங்கள். அடுத்த வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் அதன் மருந்துப் பகுதியை மக்கள் முன் வைக்கச் சொல்லுங்கள். வசூலுக்கு நிற்கும்போது மருத்துவரிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள்: இந்த மருந்தை வேறு நிறுவனம் செய்கிறதா? இல்லையென்றால் ஏன் இல்லை?

துண்டு ஏந்துவது தொடரட்டும். அதில் விழும் காசு ஒரு நோயாளிக்கு ஒரு மாதம் உதவும். சட்டத்தின் ஓர் உட்பிரிவைக் காப்பாற்றினால், நாம் முகம் பார்த்திராத லட்சக்கணக்கானோருக்கு அது ஆயுள் முழுவதும் உதவும். இரண்டையும் செய்ய நாம் தயாரா?