குறுகியகால வாடகைத் தளங்களின் சேவைக் கட்டணம்

குறுகியகால வாடகைத் தளங்களின் சேவைக் கட்டணம் என்பது, வீட்டையோ அறையையோ சில நாட்களுக்கு வாடகைக்கு விடுவோரிடமும் அங்கு தங்குவோரிடமும் முன்பதிவு இணையத்தளங்கள் பெறும் தரகுத் தொகை ஆகும். இதனை யார் செலுத்துகின்றனர் என்பதைப் பொறுத்து வீட்டு உரிமையாளர் குறிக்கும் விலை மாறுகின்றது.

கட்டண முறைகள்

2008 இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட ஏர்பிஎன்பி நிறுவனம் இரு முறைகளைப் பின்பற்றி வந்தது. பகிர்வு முறையில் உரிமையாளர் பெரும்பாலும் 3% செலுத்தினார். விருந்தினரிடம் ஏறத்தாழ 14% தனியே பெறப்பட்டது. ஒற்றைக் கட்டண முறையில் முழுத் தொகையும் உரிமையாளரின் வருவாயிலிருந்து கழிக்கப்படும். மேலாண்மை மென்பொருள் வழியாக வீடுகளை நிர்வகிக்கும் உரிமையாளர்களில் பெரும்பாலோர் 2025 அக்டோபரில் 15.5% ஒற்றைக் கட்டணத்துக்கு மாற்றப்பட்டனர்.

விலை மீதான தாக்கம்

பகிர்வு முறையில் விலை 100 டாலர் எனின், உரிமையாளர் 97 டாலர் பெறுவார்; விருந்தினர் ஏறத்தாழ 114 டாலர் செலுத்துவார். அதே விலையுடன் புதிய முறைக்கு மாறினால் உரிமையாளருக்கு 84.50 டாலரே கிடைக்கும். இரு கட்டணங்களின் வேறுபாடு 12.5 எனக் கொண்டு விலையை 112.50 டாலராக உயர்த்தினாலும் 95.06 டாலரே கிடைக்கும். ஏனெனில் கட்டணம் உயர்த்தப்பட்ட விலையின் மீது கணக்கிடப்படுகின்றது. பழைய வருவாயைப் பெற 97ஐ 0.845 ஆல் வகுத்து, 114.79 டாலர் எனக் குறிக்கவேண்டும்.

எனவே விருந்தினர் செலுத்தும் தொகை பெரிதும் மாறுவதில்லை. ஆனால் விலையைத் திருத்தும் பொறுப்பும், கணக்குத் தவறினால் ஏற்படும் இழப்பும் உரிமையாளரையே சேர்கின்றன.

விலை வெளிப்படைத்தன்மை

ஐக்கிய அமெரிக்காவில் 2025 மே 12 அன்று நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதி, அரசு வரிகள் நீங்கலாக, கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்டவேண்டும் என்கின்றது. இதனால், பகிர்வு முறையில் விலை குறைவாகத் தோன்றிய அனுகூலம் அங்கு இல்லாமற் போனது.