பூச்சி மருந்து அடிக்க மறுத்த விவசாயி

2014-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். பிரான்சு நாட்டில் திஜோன் நகரத்துக் கோர்ட்டு வாசலில் நூற்றுக்கணக்கான பேர் கூடி நின்றார்கள்.

உள்ளே விசாரணை நடந்துகொண்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு விவசாயி. பெயர், இம்மானுவேல் ஜிபுலோ.

அவர் செய்த குற்றம் என்ன? தம்முடைய திராட்சைத் தோட்டத்துக்குப் பூச்சி மருந்து அடிக்கவில்லை. அவ்வளவுதான்!

இந்தக் குற்றத்துக்கு 6 மாதம் வரை ஜெயில் தண்டனை கொடுக்கலாம். 30 ஆயிரம் யூரோ வரை அபராதமும் போடலாம். சட்டம் அப்படி இருந்தது.

தன் தோட்டத்துக்கு மருந்து அடிப்பதும் அடிக்காததும் ஒரு விவசாயியின் சொந்த விஷயம் இல்லையா? அதில் சர்க்கார் தலையிடலாமா? இந்தக் கேள்வி அன்று பிரான்சு முழுவதும் எழுந்தது.

25 ஏக்கர்

பிரான்சின் கிழக்குப் பகுதியில் பர்கண்டி என்ற வட்டாரம் இருக்கிறது. "ஒயின்" என்னும் திராட்சை மதுவுக்கு உலகப் புகழ் பெற்ற இடம். ஜிபுலோவின் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. சுமார் 25 ஏக்கர்.

அவருடைய தந்தை 1970-களிலேயே ரசாயனத்தைக் கைவிட்டு விவசாயம் செய்தவர். மகனும் அதே வழியில் போனார்.

இந்த வழியில் போகிறவர்கள் களைக்கொல்லி தெளிப்பதில்லை. கொடி வரிசைகளுக்கு நடுவே உழுது, களையை எடுக்கிறார்கள். ரசாயன உரத்துக்குப் பதிலாக மக்கிய எருவைப் போடுகிறார்கள். மண்புழு, வண்டு, தேனீ எல்லாம் தோட்டத்தில் இருக்க வேண்டும் என்பது இவர்கள் கொள்கை. "தீமை செய்யும் பூச்சியை நன்மை செய்யும் பூச்சி தின்றுவிடும். இரண்டையும் கொன்றுவிட்டால், அப்புறம் எப்போதும் மருந்தை நம்பித்தான் இருக்க வேண்டும்" என்பது இவர்கள் வாதம்.

தானாகப் பொங்கும் சாறு

பழம் பறித்த பிறகும் இவர்கள் வழி தனி வழிதான்.

திராட்சைச் சாறு ஒயினாக மாறுவதற்கு "ஈஸ்ட்" என்ற நுண்ணுயிர் வேண்டும். பெரிய ஆலைகளில் இதைப் பாக்கெட்டில் வாங்கிச் சாற்றில் கலக்கிறார்கள். இனிப்பு போதாவிட்டால் சர்க்கரை சேர்ப்பதும் உண்டு. கெடாமல் இருக்கக் கந்தகம் சேர்க்கிறார்கள். ஒயின் தெளிவதற்கு முட்டையின் வெள்ளைக் கருவைக் கூடப் போடுவார்கள்.

இயற்கை முறைக்காரர்கள் பாக்கெட் ஈஸ்ட் வாங்குவதில்லை. பழத்தின் தோலிலும், சாறு வைக்கும் அறையிலும் ஈஸ்ட் தானாகவே இருக்கிறது. அதையே நம்பி விட்டுவிடுகிறார்கள். அரைத்து வைத்த இட்லி மாவு இரவில் தானாகப் பொங்குகிறது அல்லவா? அதைப் போல.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஆபத்து நிறைந்தது. கொஞ்சம் கவனம் தவறினால் ஒரு பீப்பாய் ஒயினும் காடியாகப் புளித்துவிடும். ஓர் ஆண்டு உழைப்பு வீணாகும்.

இந்த முறைக்கு வழிகாட்டியவர், ஜூல் ஷோவே. 1907-ல் பிறந்தவர். 1989-ல் காலமானார். ஒயின் வியாபாரியான அவர், ரசாயனம் படித்தவர். ரசாயனம் படித்த அவரேதான், "பழம் நன்றாக இருந்தால், கந்தகம் சேர்க்காமலே நல்ல ஒயின் செய்யலாம்" என்று சோதனை செய்து காட்டினார்!

அவருடைய யோசனையைக் கேட்டு, பொஜொலே வட்டாரத்தில் மர்செல் லாப்பியேர் என்பவர் 1980-களில் இந்த முறையைக் கையாண்டார். அவரைப் பார்த்து மற்றச் சிறு விவசாயிகளும் துணிந்தார்கள்.

மருந்து இல்லாத நோய்

ஜிபுலோவுக்குத் தொல்லை கொண்டுவந்தது, ஒரு சின்னஞ்சிறு தத்துப்பூச்சி. வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த பூச்சி இது.

திராட்சைக்கு ஒரு கொடிய நோய் உண்டு. நோய் கண்ட கொடியின் இலை மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறிச் சுருளும். காய் வாடி வதங்கும். இந்த நோய்க்கு மருந்து கிடையாது. கொடியை வேரோடு பிடுங்கி எறிவது ஒன்றே வழி. ஒரு தோட்டத்தில் 100 கொடிகளுக்கு 20 கொடிகளுக்கு மேல் நோய் கண்டால், தோட்டம் முழுவதையும் அழித்துவிட வேண்டும்.

தத்துப்பூச்சி, நோய் கண்ட கொடியில் சாற்றை உறிஞ்சுகிறது. பிறகு நல்ல கொடிக்குத் தாவி, அங்கே நோயைப் பரப்புகிறது.

பக்கத்து மாவட்டத்தில் இந்த நோய் பரவியது. தோட்டங்கள் பிடுங்கப்பட்டன. அதிகாரிகள் பயந்துபோனார்கள்.

2013-ம் ஆண்டு ஜூன் மாதம், ஜிபுலோ இருந்த மாவட்டத்தின் பிரிபெக்ட் ஓர் உத்தரவு போட்டார். (பிரிபெக்ட் என்பவர் நம் ஊர் கலெக்டரைப் போன்றவர்.) "மாவட்டத்தில் உள்ள எல்லாத் திராட்சைத் தோட்டங்களுக்கும் பூச்சி மருந்து அடிக்க வேண்டும்" என்பது உத்தரவு.

இயற்கை விவசாயிகளுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. அவர்கள் ரசாயன மருந்துக்குப் பதிலாக, ஒரு வகைச் சாமந்திப் பூவிலிருந்து எடுக்கும் மருந்தை அடிக்கலாம்.

ஜிபுலோ அதையும் மறுத்தார். "பூவிலிருந்து எடுத்தாலும் விஷம் விஷம்தான். அது தேனீயையும் கொல்லும். என் தோட்டத்தில் நோய் இல்லை. எதற்காக நான் அடிக்க வேண்டும்?" என்பது அவர் கட்சி.

ஜூலை மாதம் அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். வழக்கு எழுந்தது.

அண்டை வீட்டார் கோபம்

ஜிபுலோவுக்கு ஆதரவு பெருகிற்று. வழக்கை எதிர்த்து எழுதப்பட்ட மனுவில் 5 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. பூச்சி மருந்தினால் வரும் கேட்டை நேரில் கண்டவர்கள் பிரான்சு விவசாயிகள். மருந்து அடிக்கும் விவசாயிகளுக்குக் கைகால் நடுக்கும் "பார்க்கின்சன்" நோய் வந்தால், அது தொழிலால் வந்த நோய் என்று 2012-ல் சர்க்காரே ஒப்புக்கொண்டது.

ஆனால் பர்கண்டி விவசாயிகள் பலர் ஜிபுலோ மீது கோபம் கொண்டார்கள். இயற்கை முறையில் பயிரிடுகிறவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. பூச்சிக்கு வேலி தெரியாது. ஒருவர் தோட்டத்தில் நோய் புகுந்தால், அடுத்த தோட்டத்துக்கும் வரும். திராட்சைக் கொடி ஒரே ஆண்டில் வளரும் பயிர் அல்ல. தாத்தா நட்ட கொடியில் பேரன் பழம் பறிக்கிறான். அதைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டால், நல்ல பழம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை குடும்பம் எப்படிப் பிழைக்கும்?

இரண்டு தீர்ப்புகள்

2014 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஜிபுலோ குற்றவாளி. அபராதம் 1,000 யூரோ. அதில் 500 யூரோவை இப்போது கட்ட வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள்.

பணம் பெரிதல்ல. ஆனால் "குற்றவாளி" என்ற சொல்லை ஜிபுலோ ஏற்கவில்லை. அப்பீல் செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் அப்பீல் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "மருந்து அடிக்க வேண்டியதில்லை" என்று கோர்ட்டு சொல்லவில்லை. "பிரிபெக்ட் போட்ட உத்தரவு சட்டப்படி சரியாகப் போடப்படவில்லை" என்றுதான் சொல்லிற்று. விவசாயி ஜெயித்தார். கேள்வி அப்படியே நின்றது.

மாற்று வழி

கேள்விக்குப் பதிலைத் தோட்டங்களில்தான் தேட வேண்டியிருந்தது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே உத்தரவு போடுவதை அதிகாரிகள் கைவிட்டார்கள். நோய் தெரிந்த இடத்தைச் சுற்றி மட்டும் மருந்து அடிக்கச் சொன்னார்கள்.

அதற்கு ஒரு வேலை செய்தாக வேண்டும். அறுவடைக் காலத்தை ஒட்டி, விவசாயிகள் கூட்டமாகச் சேர்ந்து தோட்டம் தோட்டமாக நடக்கிறார்கள். வரிசை வரிசையாக இலைகளைப் பார்க்கிறார்கள். நோய் கண்ட கொடியில் அடையாளம் கட்டுகிறார்கள். பிறகு பிடுங்குகிறார்கள்.

மருந்து தெளிப்பதைவிட இது கடினமான வேலை. ஆனால் தேனீக்கும் மண்ணுக்கும் கேடு குறைவு.

எல்லாம் இனிப்பு அல்ல

இயற்கை முறை என்றால் மருந்தே கிடையாது என்று நினைப்பது தவறு. பூஞ்சணத்தைத் தடுக்க, இந்த விவசாயிகளும் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளிக்கிறார்கள். நம் ஊர் விவசாயிகளுக்கும் பழக்கமான "போர்டோ கலவை" இதுதான். பிரான்சில் உள்ள போர்டோ நகரத்தின் பெயரால் வந்தது. அதில் உள்ள செம்பு மண்ணில் தங்கிவிடும். ஆகவே இதற்கும் ஐரோப்பாவில் அளவு உண்டு. ஒரு ஹெக்டேருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) 7 ஆண்டில் 28 கிலோ செம்புக்கு மேல் போகக் கூடாது.

மழை பெய்தால் கலவை கழுவிக்கொண்டு போய்விடும். மறுபடியும் தெளிக்க வேண்டும். 2024-ல் மழை அதிகம். பூஞ்சணம் தாக்கியது. பிரான்சின் ஒயின் உற்பத்தி, முந்திய ஆண்டைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. இத்தகைய ஆண்டுகளில் சிறு விவசாயி தாங்குவது கடினம்.

இருந்தும் இந்த வழியில் போகிறவர்கள் குறையவில்லை. 2022-ல் பிரான்சின் திராட்சை நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இயற்கை விவசாயத்துக்கு வந்துவிட்டது.

2020-ல் இயற்கை ஒயினுக்குத் தனி முத்திரையும் ஏற்பட்டது. பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும். பாக்கெட் ஈஸ்ட் கூடாது. கந்தகம் சேர்த்தால், லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். சாதாரணச் சிவப்பு ஒயினில் 150 மில்லிகிராம் வரை இருக்கலாம்.

எப்படிச் செய்தாலும் மது மதுதான். உடலுக்குக் கேடுதான். "இயற்கை" என்ற சொல் அதை மாற்றிவிடாது.

ஆனால் ஜிபுலோ எழுப்பிய கேள்வி, மதுவைப் பற்றியது மட்டும் அல்ல, நிலத்தைப் பற்றியது. பீப்பாய்க்குள் என்ன போடுவது என்பது ஒருவருடைய சொந்த விஷயம். நஷ்டம் வந்தால் அது அவரோடு போகும். தோட்டம் அப்படி அல்ல. அங்கே மருந்து அடித்தாலும் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். அடிக்காவிட்டாலும் பூச்சி பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும்.

ஆகவே, "அடி" என்று உத்தரவு போடுகிறவரும், "அடிக்க மாட்டேன்" என்று மறுக்கிறவரும் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். தோட்டத்தில் இறங்கி, இலையைப் பார்க்க வேண்டும்!