பெண் நட்ட மரமும் ஆண் பெயரும்

சென்ற இதழில் குளிர்காலத்தில் கறிவேப்பிலைக் கன்றை வீட்டுக்குள் காப்பாற்றுவது பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்த சில சகோதரிகள், "நாங்கள் இருப்பது நாலாம் மாடி. ஒரு மரம் வைக்க நிலத்துக்கு எங்கே போவது?" என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. இந்த முறை அதைப் பற்றியே கதைப்போம்.

இங்கிலாந்தில் வளவு இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கவுன்சில்கள் நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் குறைந்த வாடகைக்குப் பயிர் செய்யக் கொடுக்கின்றன. அலொட்மென்ட் என்பார்கள். மக்கள் கேட்டால் கவுன்சில் இப்படி நிலம் ஒதுக்க வேண்டும் என்று 1908 இல் சட்டம் வந்தது. ஒரு முழுத் துண்டு பழைய கணக்கில் பத்து பேர்ச், அதாவது சுமார் 250 சதுர மீற்றர். எங்கள் ஊர்க் கணக்கில் அது ஒரு பரப்பு! இப்போது பெரும்பாலும் அரைத் துண்டுதான் கிடைக்கிறது. அரைப் பரப்பும் சும்மா இல்லை. கீரை, மிளகாய், பூசணியோடு நாலு குட்டை அப்பிள் மரமும் வைக்கலாம்.

ஆனால் நாங்கள் முதன்முதல் அங்கே போன நாளில் சங்கத்துச் செயலாளர் கேட்ட கேள்வி, "உங்கள் கணவர் எங்கே?" என்பதுதான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்த மனிதர் அங்கே நாற்பது வருஷமாகப் பார்த்தது ஆண்களைத்தான். மரக்கறிப் பாத்திகளில் இப்போது பெண்கள் நிறையப் பேர் நிற்கிறார்கள். பழமரம் என்று வந்தால் கதை வேறு. நாங்கள் போய்ப் பார்த்த இடங்களில் கிளை வெட்டுவதும், ஒட்டுக் கட்டுவதும், எந்த இனத்துக்கு எந்த அடிக்கட்டை என்று வாதாடுவதும் ஆண்கள். பழக் கண்காட்சி நடந்தால் தேநீர் ஊற்றுவதும், ஜாம் போத்தலுக்குத் துணி கட்டுவதும் பெண்கள். ஒட்டுக் கத்தியைக் கையில் எடுத்தால், "கவனம், கூர்மையானது" என்கிறார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் தொழிற்சாலையில் கோழி வெட்டுகிற எங்களுக்கு!

பெண்கள் பழமரத்துக்குப் புதியவர்களா? இந்த நாட்டுச் சரித்திரத்தையே பாருங்கள்.

பிராம்லி என்ற பெரிய பச்சை அப்பிளை நீங்கள் கடையில் கண்டிருப்பீர்கள். கடும் புளிப்பு. சமைக்கத்தான் உதவும். மாங்காய் கிடைக்காத நாளில் எங்கள் பெண்கள் அதைப் போட்டுத்தான் கறியும் ஊறுகாயும் செய்கிறார்கள். அதன் தாய் மரம் நொட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில் ஒரு சிறு வீட்டுத் தோட்டத்தில் முளைத்தது. 1809 இல் அங்கே விதை போட்டவள் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி. வளர்ந்து, கல்யாணம் முடித்து, அவள் அந்த வீட்டை விட்டுப் போய்விட்டாள். 1846 இல் மத்தியூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் அந்த வீட்டை வாங்கினார். பத்து வருஷம் கழித்து, 1856 இல், ஹென்றி மெரிவெதர் என்ற நாற்றுத் தோட்டக்காரர் வந்து ஒட்டுக் கட்டக் கிளை கேட்டார். பிராம்லி சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: அப்பிளுக்குத் தன் பெயரே வைக்க வேண்டும். இன்றைக்கும் அந்தப் பெயர்தான். விதை போட்டவளின் பெயர் கடைத் தட்டில் எங்கும் இல்லை.

இதற்கு மாறான கதையும் உண்டு. கிரானி ஸ்மித் என்ற பச்சை அப்பிள் எல்லாருக்கும் தெரியும். ஸ்மித் ஆச்சி என்று சொல்லலாம். உண்மையான ஆச்சிதான். மரியா ஆன் ஸ்மித் 1799 இல் சசெக்ஸில் பிறந்தவர். விவசாயக் கூலிக் குடும்பம். 1838 இல் கணவன் பிள்ளைகளோடு கப்பலேறி அவுஸ்திரேலியாவுக்குப் போனார். சிட்னிக்குப் பக்கத்தில் ஈஸ்ட்வூட்டில் சிறு பழத்தோட்டம் வைத்திருந்தார். அங்கே தானாக முளைத்த ஒரு கன்றைப் பிடுங்கி எறியாமல் பராமரித்தார். 1868 இல் அயல் பழச்செய்கையாளர்கள் வந்து அந்த மரத்தைப் பார்த்தார்கள். 1870 இல் ஆச்சி இறந்துவிட்டார். அவர் பெயர் உலகம் முழுக்கப் போய்விட்டது. அந்நிய மண்ணில் கையில் ஒன்றும் இல்லாமல் இறங்கிய பெண் அவர். இதை எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

படித்த பெண்களுக்கும் கதவு சுலபமாகத் திறக்கவில்லை. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 1804 இல் தொடங்கியது. 1898 இல் அது வைத்த பரீட்சையில் முதலாவதாக வந்தவர் ஒலிவ் ஹரிசன் என்ற பெண். முதலாவதாக வருபவருக்குச் சங்கத்தின் சிஸ்விக் தோட்டத்தில் பயிற்சி இடம் கிடைக்க வேண்டும். பெண் என்பதால் கொடுக்கவில்லை. அந்தச் சங்கத்துக்கு ஒரு பெண் தலைவராக வந்தது 2010 இல், எலிசபெத் பாங்க்ஸ். இருநூறு வருஷத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

எங்கள் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? கறுத்தக்கொழும்பான் கன்றுக்குப் பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றி வளர்த்தது அம்மா. மரத்தைக் காய்க்குக் குத்தகை பேசினது அப்பா. காசு யார் கையில் போனது என்று சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று விட முடியாது. எங்களோடு இரவு வேலை செய்யும் ஒரு அக்கா ஆறு வருஷம் ஒரு துண்டைப் பராமரித்தார். வேலை முடிந்து காலையில் நேரே அங்கேதான் போவார். ஒப்பந்தம் கணவர் பெயரில் இருந்தது. கணவர் பிரிந்து வேறு நகரத்துக்குப் போனார். வாடகை புதுப்பிக்கும் கடிதம் அவருக்குத்தான் போனது. வேண்டாம் என்று எழுதிவிட்டார். துண்டு வரிசையில் அடுத்து நின்றவருக்குப் போய்விட்டது. அக்கா நட்ட மூன்று அப்பிளும் ஒரு பிளம்ஸ் மரமும் இப்போது வேறு ஆட்களுக்குக் காய்க்கின்றன. அவர் அந்தத் தெருவால் போவதில்லை.

ஆகவே சகோதரிகளே, மரம் நட முதல் பெயரைப் பாருங்கள். கவுன்சில் படிவத்தில் உங்கள் பெயரையே எழுதுங்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து செய்வதானால் இரண்டு பெயரும் போடலாமா என்று கேளுங்கள். சில இடங்களில் விடுவார்கள், சில இடங்களில் விடமாட்டார்கள். கேட்டால்தான் தெரியும். வரிசை நீளம், வருஷக்கணக்கும் எடுக்கும். அதனால் இன்றைக்கே பதியுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் மகளை இருத்தி நிரப்புங்கள். அவளும் பழகுவாள்.

துண்டு கிடைத்ததும் சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்துக்குப் போங்கள். ஒப்பந்தக்காரருக்கு அங்கே வாக்கு உண்டு. தேநீர் கோப்பையைக் கழுவுங்கள், பரவாயில்லை. ஆனால் கை உயர்த்தும் நேரத்தில் குசினிக்குள் நிற்காதீர்கள்.

மரம் வைக்க முதல் சங்க விதியைக் கேளுங்கள். பல இடங்களில் குட்டை மரம் மட்டும்தான் அனுமதி. எம் 9 அடிக்கட்டையில் ஒட்டிய அப்பிள் இரண்டு மூன்று மீற்றருக்கு மேல் போகாது, ஏணியும் வேண்டாம். ஆனால் வேர் பலவீனம், ஆயுள் முழுக்கக் கம்பு கட்ட வேண்டும். எம் 26 சற்று உயரும், சற்றுப் பலமானது. பிராம்லிக்கு ஆசைப்பட்டால் ஒன்று கவனியுங்கள். அதன் மகரந்தம் மற்ற மரத்துக்கு உதவாது. அது காய்க்கவும், அதன் துணை காய்க்கவும், அதே காலத்தில் பூக்கும் வேறு இரண்டு இனங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஒட்டுக் கட்டுவது மந்திரவித்தை இல்லை. ஜனவரியில், இலையில்லாத காலத்தில், பென்சில் தடிப்பில் ஒரு வருஷக் கிளையை வெட்டுங்கள். ஈரக் கடதாசியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மார்ச்சில் அடிக்கட்டையோடு, பட்டைக்குக் கீழே உள்ள பச்சைப் படைகள் ஒன்றையொன்று தொடும்படி பொருத்திக் கட்ட வேண்டும். கத்தி பிடிக்கத் தெரிந்த கைக்கு ஒரு பின்னேரம் போதும். அதைப் படிப்படியாக அடுத்த இதழில் எழுதுவோம். அதற்குள் படிவத்தை அனுப்பிவிடுங்கள். கன்றில் கட்டும் சிட்டையில் இனத்தின் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும், நட்ட வருஷத்தையும் எழுத மறக்க வேண்டாம்.