காயும் கூழும்

தோழா! பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் அழைக்கிறோமே, அந்த மாங்கனி கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும் கூழாகிறது. பீப்பாயில் ஏறிச் சவுதி அரேபியாவுக்கும் நெதர்லாந்துக்கும் கப்பலில் செல்கிறது. அங்கே அது பானம், ஆலையிலே அது ஆதாயம், உழவன் இல்லத்திலே?

2025 ஜூன் திங்களில் ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்றது. ஆலை தர வேண்டியிருந்தது 8. மீதி 4 அரசின் தயவு! அண்டை மாநிலக் கனி சித்தூருக்குள் நுழையவும் அப்போது தடை விதிக்கப்பட்டது. மாவுக்குமா எல்லைக்கோடு?

பழுத்த கனி பேரம் முடியும்வரை காத்திருக்குமா? சில நாளில் அழுகும். பதப்படுத்திய கூழோ ஓராண்டு கடந்தும் கெடாது. ஆகவேதான் ஆலையதிபர் பொறுமைசாலி, உழவன் அவசரக்காரன்!

அடுத்த அறுவடைக்கு முன்பே விலை எழுத்திலே வரட்டும். உழவர் கூட்டுறவுக்கென்றே கிருஷ்ணகிரியில் ஒரு கூழாலை எழட்டும்.