மனை மலிவு, பிழைப்பு எங்கே?

சொந்த வீடு வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு.

ஆனால், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு அது வெறும் ஆசை அல்ல. நாலு தலைமுறைத் தாகம்!

தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த இடத்துக்கு "லயம்" என்று பெயர். வரிசையாகக் கட்டிய அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அந்த அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் அறையும் போகும்.

தாயகம் வந்த பிறகு, அவர்களில் பலர் நீலகிரி மலையில் மறுபடியும் தேயிலைத் தோட்டத்திலேயே சேர்ந்தார்கள். அங்கும் தோட்டத்து வீடுதான். வேலையில் இருந்து ஓய்வு பெற்றால், சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும்.

இறங்கி எங்கே போவது?

கையில் இருப்பது பிராவிடண்ட் பண்டு பணம். அதோடு கொஞ்சம் கிராஜுவிட்டி பணம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் மனை விலையைக் கேட்டாலே தலை சுற்றும். கூடலூரில் வேறு சிக்கல். 1969-ம் ஆண்டு ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் அடங்கிய நிலங்களில் பல ஆண்டுகளாகத் தகராறு. அங்கே குடியிருக்கும் பலருக்குப் பட்டா இல்லை.

ஆகவே, கண் சமவெளிப் பக்கம் திரும்புகிறது. "பாட்டன் பிறந்த சீமைக்கே போகலாம். அங்கே மனை மலிவு" என்ற பேச்சு எழுகிறது.

யோசனை நல்லதுதான். ஆனால், மனை விலையை மட்டும் கேட்டு முடிவு செய்தால் ஆபத்து. அரை நூற்றாண்டுக்கு முன்பு பட்ட அடியை மறுபடியும் பட வேண்டி வரும்.

அந்த அடி என்ன?

அக்கரைக்குப் போன கதை

விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே இருக்கும் ஊர் பாலவனத்தம். அதற்குத் தெற்கிலும் கிழக்கிலும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் பரந்து கிடக்கிறது. வானம் பார்த்த பூமி அது. மழை பெய்தால் பருத்தி, சோளம், கம்பு. மழை பொய்த்தால் பஞ்சம்.

கடலுக்கும் இந்த ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர், பாலவனத்தம் ஜமீன்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அதன் தலைவராக இருந்தவரும் பாண்டித்துரைத் தேவரே.

கப்பல் கம்பெனி வருவதற்கு வெகு காலம் முன்பே, ஏழைகள் கடல் தாண்டத் தொடங்கிவிட்டார்கள். முதலில் காப்பித் தோட்டம். பிறகு தேயிலைத் தோட்டம். ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, சேலம் சீமைகளில் இருந்து கங்காணிகள் ஆள் பிடித்தார்கள். 1876-ல் வந்தது தாது வருஷப் பஞ்சம். அது ஊர் ஊராக மக்களை விரட்டியது.

போனவர்கள் காட்டைத் திருத்தினார்கள். மலையைப் பச்சையாக்கினார்கள். இலங்கைக்குச் செல்வம் குவிந்தது.

கிடைத்த பரிசு என்ன?

இலங்கை விடுதலை பெற்ற 1948-ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாதவர் ஆனார்கள்.

1964-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி, டெல்லியில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கையெழுத்து இட்டவர்கள் லால்பகதூர் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயகாவும். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும். 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கும் என்பது முடிவு. மீதி ஒன்றரை லட்சம் பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொண்டது 1974-ல்.

தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

கடன் கிடைத்தது, பிழைப்பு கிடைக்கவில்லை

வந்தவர்களைச் சர்க்கார் கைவிட்டுவிடவில்லை. நீலகிரியில் 1968-ல் சர்க்கார் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. சிலருக்கு நூல் மில்களில் வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியோருக்காக 1969-ல் ரெப்கோ வங்கி ஏற்பட்டது.

ஆனால், மிகப் பலருக்குக் கிடைத்தது "வியாபாரக் கடன்" தான்.

கொழுந்து பறித்த கைக்கு வியாபாரக் கடன்! ஊரில் யாரையும் தெரியாது. கொள்முதல் தெரியாது. கடனுக்குச் சரக்குக் கொடுத்தால் வசூலிக்கத் தெரியாது. மழை இல்லாத ஊரில் பெட்டிக்கடை வைத்தால் வாங்குவது யார்?

பணம் கரைந்தது. பெரியவர்கள் சொன்ன "சொந்த ஊர்" பெயரளவில் மட்டும் இருந்தது. நிலம் என்றோ கைமாறி இருந்தது. பங்காளிகளுக்கு முகமே தெரியவில்லை.

பலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் தோட்டங்களில் கூலிக்கு நின்றார்கள். கொடைக்கானல் மலையில் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் உண்டு.

அந்த மக்கள் சோம்பேறிகளா? இல்லை. காடு திருத்தியவர்கள் அவர்கள். அவர்களுக்கு இடம் காட்டினார்கள். அந்த இடத்தில் சம்பளம் காட்டவில்லை. தவறு அங்கேதான் இருந்தது.

இன்று மனை தேடும் குடும்பம் இதை மறக்கக் கூடாது. அன்று கரைந்தது சர்க்கார் கொடுத்த கடன். இன்று கரையப் போவது, முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த சொந்தப் பணம். இன்னொரு முறை சேர்க்க வயது இல்லை.

நாலு கணக்கு

அப்படி ஒரு குடும்பம் பாலவனத்தம் பக்கம் மனை பார்க்க வருகிறது என்று வைத்துக் கொள்ளலாம். அது போட வேண்டிய கணக்குகள் நாலு.

முதலாவது, சம்பளக் கணக்கு.

பாலவனத்தம் பஸ் போகும் பாதையில் இருக்கிறது. ஒரு பக்கம் அருப்புக்கோட்டை. அங்கே நெசவும் மில்லும் உண்டு. மறுபக்கம் விருதுநகர், அங்கே பருப்பு, எண்ணெய், மிளகாய் வியாபாரம் உண்டு. வீட்டில் உள்ள மகனோ மகளோ காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

பஸ் பாதையை விட்டு உள்ளே போகப் போக, மனை விலை குறையும். கூலியும் குறையும். மானாவாரி விவசாயம், கரிமூட்டம், நூறு நாள் வேலை என்று பிழைப்பு சுருங்கும். அங்கே பாதி விலைக்கு மனை கிடைக்கலாம். மகன் திருப்பூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தால், அந்த அறைக்கு மாதாமாதம் வாடகை உண்டு. அதையும் மனை விலையில் சேர்க்க வேண்டும்!

இரண்டாவது, தண்ணீர்க் கணக்கு.

கார்த்திகை மாதம் வந்து மனை பார்த்தால், கண்மாய் நிரம்பி இருக்கும். ஊரே அழகாகத் தெரியும். சித்திரை, வைகாசியில் வந்து பார்க்க வேண்டும். குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது? கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா?

ஒரு குடம் 10 ரூபாய் என்றும், தினம் 8 குடம் வேண்டும் என்றும் வைத்தால், மாதம் 2,400 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு 28,800 ரூபாய். பத்து ஆண்டில் அந்தப் பணத்துக்கு இன்னொரு மனையே வாங்கிவிடலாம்.

மூன்றாவது, மண் கணக்கு.

மலையில் வாழ்ந்தவர்களுக்குக் கரிசல் மண்ணின் குணம் தெரியாது. மழைக்கு அது ஊறிப் பெருக்கும். கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலாக அஸ்திவாரம் போட்டால், சுவரும் சேர்ந்து வெடிக்கும். ஆழமாகத் தோண்ட வேண்டும். மணல் நிரப்ப வேண்டும். கம்பி கட்டிக் கான்கிரீட் போட வேண்டும். மனையில் மிச்சம் பிடித்த பணம், அஸ்திவாரத்தில் போய்விடும். அக்கம் பக்கத்து வீட்டுச் சுவர்களைப் பார்த்தால், மண் எப்படிப்பட்டது என்று அவையே சொல்லும்.

நாலாவது, பத்திரக் கணக்கு.

மூலப் பத்திரம், பட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. மறு ஆண்டு, வரன்முறை விதிகள் வந்தன. "எல்லாம் சரியாகிவிடும்" என்ற தரகர் பேச்சு பத்திரம் ஆகாது.

பதிவுச் செலவும் உண்டு. 2023-ல் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 4-ல் இருந்து 2 ஆகக் குறைந்தது. முத்திரைத் தீர்வை வகையில் 7 சேர்ந்தால், நூற்றுக்கு 9. மூன்று லட்ச ரூபாய் மனைக்கு 27,000 ரூபாய். பத்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால், பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. 2025 ஏப்ரல் முதல் இந்தச் சலுகை வந்தது. 3,000 ரூபாய் மிச்சம்.

பணம் மிச்சம் ஆவது மட்டும் லாபம் அல்ல. லயத்து அறையில் ஆயுளைக் கழித்த தாயின் பெயரில் பத்திரம் இருந்தால், யாரும் அவளை வெளியே போ என்று சொல்ல முடியாது.

"பணம் கரைந்து போகாதா?"

இதற்கு ஒரு பதில் கேள்வி வரும்.

"கையில் காசு இருக்கும்போதே மனையை வாங்கிப் போட வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணம், காது குத்து, வைத்தியம் என்று கரைந்துவிடும்."

நியாயமான பயம்தான். சாதாரணக் குடும்பங்களில் நடப்பது அதுதான்.

ஆனால், அதற்கு மருந்து அவசரம் அல்ல. பணத்தைத் தபால் ஆபீசில் போட்டு வைக்கலாம். எந்த ஊரில் வாங்க நினைக்கிறார்களோ, அதே ஊரில் ஓர் ஆண்டு வாடகைக்கு இருக்கலாம். ஒரு கோடையையும் ஒரு மழைக் காலத்தையும் பார்த்துவிடலாம். பிள்ளைக்கு வேலை கிடைக்கிறதா, பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் பக்கமா, இரவில் பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு வண்டி உண்டா என்பதெல்லாம் அந்த ஓர் ஆண்டில் தெரிந்துவிடும்.

ஓர் ஆண்டு வாடகை நஷ்டம் அல்ல. அது ஆயுள் சேமிப்புக்குக் கட்டும் இன்ஷூரன்சு!

பிறகு வாங்கும்போதும், எல்லாப் பணத்தையும் மனையிலேயே போடக் கூடாது. வீடு கட்டவும், வேலை இல்லாத மாதங்களைத் தாண்டவும் பணம் வேண்டும். மனை வாங்கிவிட்டு, வீடு கட்ட வட்டிக்கு வாங்கினால், வீடு யாருக்குச் சொந்தம்?

ஊரும் சர்க்காரும் செய்ய வேண்டியது

கணக்குப் போட வேண்டியது குடும்பம் மட்டும் அல்ல.

2022-ல் நீலகிரி சர்க்கார் தோட்டத்தில் ஓய்வு பெற்றவர்களின் வீட்டுப் பிரச்சினை பெரிதாக எழுந்தது. அவர்களுக்கு வீடு கொடுக்கச் சர்க்கார் ஏற்பாடு அறிவித்தது. வரவேற்க வேண்டியது அது. ஆனால் எந்த ஏற்பாட்டிலும், வீட்டுச் சாவியோடு ஒரு வேலையும், பட்டாவும், பஸ்சும் சேர்ந்து வர வேண்டும். இல்லாவிட்டால், பூட்டிய வீடுகளே மிஞ்சும்.

ஊர்க்காரர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வந்த குடும்பத்தைப் பேரன் காலம் வரை "சிலோன்காரர்" என்றே அழைப்பது அழகல்ல. இவர்கள் அயலார் அல்லர். பஞ்சத்தில் இந்தச் சீமைகளே அனுப்பி வைத்தவர்களின் பேரப் பிள்ளைகள். மனை விலையை ஊராருக்கு ஒன்று, இவர்களுக்கு ஒன்று என்று சொல்வது பாவம். கோடையில் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை மறைக்காமல் சொல்வது பெரிய உதவி.

மனைக்கு விலை கொடுப்பது ஒரு முறை. தண்ணீருக்கும் பஸ்சுக்கும் கொடுப்பது தினம் தினம்.

தினச் செலவுக்குத் தினச் சம்பளம் உள்ள ஊரே மலிவான ஊர். அங்கே இரண்டு செண்டு வாங்கினாலும் போதும். அந்த வீட்டில் விளக்கு எரியும்.