சீவத் தெரிந்தவர் தேர்ச்சியற்றவரா?



தோட்டம் கைமாறியதும் வேலை தேடி தம்போய்த் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்களிடம் முதலில் கேட்கப்படுவது, “சான்றிதழ் உண்டா?” என்பதுதான். இல்லையென்றால் “தேர்ச்சியற்ற தொழிலாளி” என்று எழுதி, அடிமட்டச் சம்பளம் போடுகிறார்கள். இருபது ஆண்டு உழைப்புக்கு இதுதானா பெயர்?

மரம் சீவுவது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலையா? வெட்டு மேலோட்டமாகப் போனால் பால் குறையும். ஆழம் மீறினால் உள்தோல் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக எழும். சரிவு தவறினால் பால் மங்கில் விழாமல் மரத்திலேயே வழியும். எஞ்சின் கொட்டகையில் பழுது பார்ப்பவரும் பற்றவைப்பவரும் இப்படியே கையால் கற்றவர்கள். பள்ளிக்கூடம் கொடுக்காததால் அது கல்வி இல்லையா?

கல்விதான் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. 2006ஆம் ஆண்டின் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், மலேசியத் திறன் சான்றிதழுக்கு வகுப்பறை ஒன்றே வழியல்ல. ஏற்கெனவே தொழிலில் கற்றதற்கு ஆதாரக் கோப்பு காட்டி, மதிப்பீட்டாளரிடம் நிரூபித்தும் பெறலாம். மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறையில் இதை ‘பி.பி.டி.’ என்பார்கள்.

வழி இருக்கிறது, நம் லயத்துக்குத்தான் எட்டவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர், மலாய்ப் பாரத்தையும் கட்டணத்தையும் கண்டு பின்வாங்குகிறார்.

ஆதாரத்துக்கு எங்கே போவது என்பார்கள். கிராணிமாரான நாங்கள் சொல்கிறோம்: ஆபீசிலேயே இருக்கிறது! செக்ரோலில் வேலை நாள் இருக்கிறது. பால் கணக்கில் எடை இருக்கிறது. அந்தக் கணக்கைக் காட்டி வேலை வாங்கிய நிர்வாகம், அதையே சான்றாகக் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்? தாள் கிடைத்தால் ஆள் போய்விடுவார் என்ற பயமா? நியாயமான சம்பளம் கொடுங்கள், ஏன் போகிறார்?

நாம் கேட்பது நான்கு. தோட்டம் கைமாறுமுன் ஒவ்வொருவருக்கும் சேவைப் பதிவின் நகல் கையெழுத்துடன் வரவேண்டும். கட்டணத்தை நிர்வாகம் ஏற்க வேண்டும். மதிப்பீட்டாளர் வேலைத்தலத்துக்கே வந்து, தமிழில் விளக்கி, கைவேலையைப் பார்க்க வேண்டும். சான்றிதழ் பெற்றவருக்குச் சம்பளம் உயர வேண்டும்; உயராவிட்டால் அது சுவரில் மாட்டும் படம்தான்.

கிராணிமார்களே, பழைய செக்ரோல்களைக் கறையானுக்கு விடாதீர்கள். தொழிலாளர்களே, உங்கள் சேவைப் பதிவை இந்த மாதமே எழுத்து மூலம் கேளுங்கள். தனியாகக் கேட்டால் நாளை என்பார்கள், சங்கமாகக் கேட்போம்!