கைம்பெண்ணுக்கும் ஓலை வாசிக்கலாம்

விருதுநகர் மாவட்டத்துப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு தாய் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். அவருடைய மருமகன் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். வெடி விபத்தில் மாண்டுபோனார். மகளுக்கு வயது இருபத்தாறு. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். மனைவியை நோய்க்குப் பறிகொடுத்த கத்தோலிக்கர் ஒருவர், பிள்ளைகளோடு சேர்த்தே அவளை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இறந்தவரின் வீட்டாரோ, "எங்கள் குலத்தில் அறுத்துக் கட்டும் வழக்கம் இல்லை, கோயிலிலும் இதற்கு இடமில்லை" என்று தடுக்கின்றனராம். இது பாவமா, சாமியார் ஓலை வாசிப்பாரா, நட்டஈட்டுப் பணத்தையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுத்தான் என் மகள் அந்த வீட்டைவிட்டு வெளியேற வேண்டுமா என்பன அத்தாயின் கேள்விகள்.

பாவம் அன்று. ஓலை வாசிக்கலாம். மூன்றாம் கேள்விக்குச் சற்று விரிவாக விடை கூறவேண்டும். அதற்குப் பின்னர் வருவோம். தலைமுறை தலைமுறையாக வேதத்தில் நிலைத்திருக்கும் குடும்பங்களிலிருந்து இப்படியொரு ஐயம் எழுவதுதான் நம்மை வருத்துகிறது. குலவழக்கம் கோயில் சட்டத்தின் அங்கியை அணிந்துகொண்டு நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறது. அதை யாரென்று கேட்பார் இல்லை.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதி மக்களுக்கு விபத்துகளை நாம் நினைவூட்டவேண்டியதில்லை. 1991ல் மீனம்பட்டி, 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சன்குளம், 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2025 ஜூலை முதல் நாள் சின்னக்காமன்பட்டி என்று ஊர்ப்பெயர்களே நாள்காட்டியாகிவிட்டன. பெரிய விபத்துகள் செய்தித்தாளில் இடம்பெறுகின்றன. ஒருவர் இருவர் என்று மாள்கின்ற விபத்துகள் அந்தத் தெருவோடு நின்றுவிடுகின்றன. மருந்து கலப்பதும் செலுத்துவதும் பெரும்பாலும் ஆண்களின் வேலையாக இருப்பதால், இளவயதிலேயே கணவனை இழந்த பெண்கள் இவ்வூர்களில் மிகுதி. பெண்களும் மடிகின்றனர், ரெங்கபாளையத்தில் மாண்டவருள் பெரும்பாலோர் பெண்களே.

அப்படி மனைவியை இழந்த ஆணின் நிலை என்ன? ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்ததும், சில வீடுகளில் அதற்கு முன்னரே, உறவினர் கூடிப் பெண் பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர். "பிள்ளைகளுக்குச் சோறு பொங்க ஆள் வேண்டாமா?" என்கின்றனர். நியாயமான பேச்சுத்தான், அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் கணவனை இழந்தவளுக்கும் பிள்ளைகள் உண்டு. அவளுக்கும் அரிசி வாங்கவும் ஆஸ்பத்திரிக்குத் துணை வரவும் ஆள் வேண்டும். அவள் விஷயத்தில் மட்டும் அதே உறவினர்கள் பத்தினித் தன்மையைப் பற்றிப் பேசத் தொடங்குவது எதனால்?

நம் நாட்டில் குலங்களை "அறுத்துக் கட்டுகிறவர்கள்", "அறுத்துக் கட்டாதவர்கள்" என்று பிரித்துப் பேசும் வழக்கம் பழையது. கழனியிலும் காட்டிலும் உழைத்துப் பிழைத்த மக்களிடையே கைம்பெண் மறுபடியும் மணந்துகொள்வது இயல்பாக இருந்தது. கையில் காசும் ஊரில் மதிப்பும் ஏற ஏற, அவ்வழக்கத்தைக் கைவிடுவதையே உயர்வின் அடையாளமாகப் பல குலங்கள் கருதின. ஞானஸ்நானம் பெற்றவர்களும் இதற்கு விலக்கல்லர். ஆகவே, "எங்கள் குலத்தில் இல்லை" என்பவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். "கோயிலில் இடமில்லை" என்று அவர் கூட்டிச் சொல்வதுதான் பொய்.

திருமணத்தன்று மணமக்கள் கொடுக்கும் வாக்கு உயிருள்ள நாளெல்லாம் நிற்பது. அதற்கு அப்பால் அன்று. கணவன் உயிரோடிருக்கும்வரையே மனைவி அவனுக்குக் கட்டுப்பட்டவள் என்றும், அவன் இறந்தபின் அவள் விடுதலை பெற்றவள் என்றும் புனித சின்னப்பர் உரோமையருக்கும் கொரிந்தியருக்கும் எழுதினார். கிறிஸ்தவனை மணக்கவேண்டும் என்பது ஒன்றே அவர் விதித்த வரம்பு. திமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தில், இளம் கைம்பெண்கள் மணம்புரிந்து மக்களைப் பெற்று இல்லம் நடத்துவதே தம் விருப்பம் என்கிறார். அக்காலத் திருச்சபை தன் செலவில் காத்துவந்த கைம்பெண்களின் பட்டியலில் அறுபது வயதுக்குக் குறைந்தவளைச் சேர்க்க வேண்டாம் என்றும் அங்கேயே அவர் கட்டளையிடுகிறார். நம் ஊர்களிலோ இருபத்தாறு வயதுப் பெண்ணை அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். காக்கும் செலவைத்தான் யாரும் ஏற்பதில்லை.

கைம்மையில் நிலைத்திருப்பது நல்லது என்றும் சின்னப்பர் கூறினார் என்பதை மறக்கவில்லை. தாமாக விரும்பிக் கடவுளுக்கென்று தம்மை அளித்த ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தைப் போன்றோரைத் திருச்சபை போற்றுகிறது. ஆனால், அது உள்ளத்தில் எழும் அழைப்பு. மாமியார் விதிக்கும் நோன்பு அழைப்பு ஆகாது. உணர்ச்சியில் வெந்துகொண்டிருப்பதைவிட மணப்பது நலம் என்று அதே சின்னப்பர் ஒளிவுமறைவின்றி எழுதினார். உடலின் தேவையைப் பெயர்சொல்லிப் பேச அவர் கூசவில்லை. நம் குடும்பங்கள் கூசுகின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல், தம்பதியரின் உடலுறவு கண்ணியமும் மேன்மையும் உள்ளதென்று அறிவித்தது. அந்த மேன்மையை ஆறாண்டு அறிந்து வாழ்ந்த ஒரு பெண், ஒரு பிற்பகலில் வெடித்த கலவையால் அதை இழக்கிறாள். அவள் மீண்டும் இல்லறத்தை விரும்பினால், அவ்விருப்பத்தில் இழிவு எங்கே இருக்கிறது?

இரண்டாம் மணத்தை வெறுத்தவர்கள் தொடக்கக் காலத்திலேயே திருச்சபையில் தோன்றினார்கள். தெர்த்துல்லியன் அதற்கு எதிராகக் கடுமையாக எழுதினார். பின்னாளில் அவர் மொந்தானுவின் பிரிவினையில் சேர்ந்துவிட்டார். மறுமணம் செய்தோரோடு உறவு கொள்ள மறுத்த நொவாசியன் பிரிவினர் திரும்பி வர விரும்பியபோது, 325ஆம் ஆண்டு நிசேயா சங்கம் அவர்களுடைய குருக்களுக்கு ஒரு நிபந்தனை விதித்தது. இருமுறை மணந்தவர்களோடு ஒன்றித்திருப்போம் என்று அவர்கள் எழுத்தில் உறுதி தரவேண்டும் என்பதே அது. ஞாயிறுதோறும் நாம் சொல்லும் விசுவாசப் பிரமாணத்துக்கு அடிகோலிய அதே சங்கம் இது. கைம்மையைப் புகழ்ந்து தனி நூலே எழுதிய புனித அகுஸ்தீனும், இரண்டாம் மணத்தையோ மூன்றாம் மணத்தையோ கண்டிக்கத் தமக்குத் துணிவில்லை என்றே அதில் கூறினார்.

இருப்பினும், நம் பெரியவர்கள் காரணமேயின்றி ஐயுறுகின்றனர் என்றும் சொல்லமுடியாது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, இரண்டாம் மணம் செல்லும் என்று சொல்லியபோதே, கற்புள்ள கைம்மையே அதனினும் மேலானது என்றது. திருமணத் திருப்பலியில் மணமகளுக்கு வழங்கும் சிறப்பு ஆசீரை ஒருமுறை பெற்ற பெண் மறுமுறை பெறக்கூடாது என்றும் விதித்தது. கைம்பெண்ணின் மணம் அந்த ஆசீரின்றி அடக்கமாக முடிந்துவிட, கன்னிப்பெண்ணை மணக்கும் மனைவியிழந்தவனுக்கோ எல்லாச் சிறப்பும் உண்டு. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், "கோயிலுக்கே இது பிடிக்கவில்லை" என்று எண்ணியிருந்தால் அவர்களைக் கோபிக்க முடியுமா? 1969ல் வெளிவந்த புதிய திருமணச் சடங்கு முறையிலும் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் அந்தத் தடை இல்லை. ஆசீர் இன்று இருவருக்கும் முழுமையானது.

குலவழக்கத்தோடு திருச்சபை இந்நாட்டில் மோதியதே இல்லை என்பதும் சரியன்று. ஆறேழு வயதுக் குழந்தைகளுக்குத் தாலி கட்டிப் பிரிக்கமுடியாத மணமாக்கும் வழக்கத்தை, 1703ல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704ல் தடைசெய்தார்; 1744ல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அவருடைய விதிகளை மீண்டும் வலியுறுத்தினார். குழந்தைமணம் குறைந்தால் குழந்தைக் கைம்பெண்களும் குறைவர் அன்றோ? இருந்தும், கைம்பெண் மறுமணத்தை ஓர் இயக்கமாகவே நடத்தியவர்கள் கடவுள் இல்லை என்ற சுயமரியாதைக்காரர்கள். 1931ல் தம் மாகாண மாநாட்டை அவர்கள் விருதுநகரிலேயே கூட்டினார்கள். அவர்களுடைய நாத்திகத்துக்கு நாம் விடை சொல்லிக்கொண்டிருந்தோம். சின்னப்பர் நம்மிடம் விட்டுச்சென்ற வேலையை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

இனிப் பணத்துக்கு வருவோம். குலப்பெருமை என்று வெளியே சொல்லப்படுவதன் உள்ளே, பல வீடுகளில் வங்கிக் கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அச்சன்குளம் விபத்துக்குப் பின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மாண்டவர் குடும்பத்துக்குத் தலா 20 இலட்சம் ரூபாய் வழங்க 2021ல் உத்தரவிட்டது. கூலிக்குப் போகும் குடும்பம் கண்டிராத தொகை அது. மருமகள் வெளியேறினால் பணமும் போய்விடுமே என்ற அச்சம் ஒருபுறம். பணத்தை வைத்துவிட்டு அவள் மட்டும் போகட்டும் என்ற பேராசை மறுபுறம்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த முறைப்படி, உயிரிழப்புக்கான தொகையை முதலாளி ஆணையரிடம் கட்டவேண்டும்; அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சார்ந்திருந்த பெற்றோருக்கும் பங்கிட்டு அளிப்பார். மனைவியின் பெயருக்கு வந்த பங்கு அவளுடையது. மாமனார் பிள்ளைகளை முன்னிறுத்தி அதைக் கேட்க முடியாது. பிள்ளைகளின் பங்கு தனியே அவர்கள் பெயரில் இருக்கும். ஈ.எஸ்.ஐ. உதவித்தொகையின் நிலை வேறு. 1948ஆம் ஆண்டுச் சட்டம், கைம்பெண்ணுக்கு அவள் உயிருள்ளவரை அல்லது மறுமணம் செய்யும்வரை என்று எழுதிவைத்தது. அவள் மணந்தால் அவளுடைய பங்கு நிற்கும்; பிள்ளைகளின் பங்கு அதனால் நிற்காது. இவ்விரு சட்டங்களையும் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தன்னுள் அடக்கிக்கொண்டுவிட்டதால், இன்றைய நிபந்தனையைச் சிவகாசி அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெறுவதே முறை. இறந்தவர் உயில் எழுதாமல் விட்ட வீடும் நிலமும் சேமிப்பும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி பிரியும். கிறிஸ்தவக் கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் சேரும். மறுமணம் செய்தால் அப்பங்கை இழப்பாள் என்று அச்சட்டத்தில் எங்கும் இல்லை.

பிள்ளைகளைப் பற்றி: மறுமணம் செய்தாள் என்பதற்காக மட்டும் தாயிடமிருந்து நீதிமன்றம் பிள்ளைகளைப் பிரிப்பதில்லை, பிள்ளைகளின் நலனையே அது முதலில் பார்க்கும். ஆனால் தாத்தாவும் பாட்டியும் மகனைப் பறிகொடுத்தவர்கள் என்பதை அந்த இளம் தாயும் நினைவிற் கொள்ளட்டும். பேரப்பிள்ளைகளைப் பள்ளி விடுமுறைக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அங்கே அனுப்புவதென்று முன்கூட்டியே பேசி முடித்துவிட்டால், அவர்களின் கோபத்தில் பாதி அடங்கிவிடும். அது பெரும்பாலும் துக்கம்தான்.

சில குடும்பங்கள் வேறொரு வழி காண்கின்றன. கொழுந்தனுக்கே அவளைக் கட்டிவைத்துவிட்டால் பணமும் பிள்ளையும் வீட்டிலேயே நிற்கும் என்பது கணக்கு. பழைய தொகுப்பில் இதற்குத் தடை இருந்தது, விதிவிலக்குப் பெறவேண்டும். இன்றைய சட்டத்தில் அத்தடை இல்லை. இருவரும் மனமொப்பினால் நல்லதே. ஆனால், அச்சுறுத்திப் பெற்ற சம்மதம் சம்மதம் ஆகாது. அத்தகைய மணம் திருச்சபையில் செல்லாது. ஆகவே பங்குத் தந்தையர், இத்தகைய ஓலை வரும்போது, பெண்ணைப் பெரியவர்கள் இல்லாத இடத்தில் தனியே அழைத்துக் கேட்கவேண்டும் என்பது நம் விண்ணப்பம்.

அந்தத் தாய்க்கு இன்னும் ஒன்று. வரப்போகிற மணமகனைப் பற்றித் தீர விசாரியுங்கள். "மனைவியைத் தள்ளிவைத்துவிட்டேன், ஊர்ப்பஞ்சாயத்தில் தீர்த்தாயிற்று" என்பவனும் தன்னை மனைவியில்லாதவன் என்றே சொல்லிக்கொள்வான். சட்டத்தின் கண்ணிலும் திருச்சபையின் கண்ணிலும் அவன் மணமானவனே. நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்றிருந்தாலும் முதல் மனைவி உயிரோடிருக்க அவனுக்குக் கோயிலில் மணமில்லை. திருச்சபை நீதிமன்றம் அவனுடைய முந்திய மணம் செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தாலும், நாட்டுச் சட்டத்தில் அது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1996ல் கூறிவிட்டது. உங்களுக்குச் சொல்லப்பட்டவரின் மனைவி இறந்தவர் என்றால், அவளுடைய இறப்புச் சான்றை நேரில் பாருங்கள்.

உங்கள் மகளின் ஞானஸ்நானச் சான்றை ஆறு மாதத்துக்குள் எழுதியதாகப் பெறுங்கள். முதல் மணத்தின் பதிவு நகலும், மருமகனின் இறப்புச் சான்றும் வேண்டும். வெடி விபத்துகளில் உடல் அடையாளம் தெரியாமற்போவது உண்டு. அதனால் சான்று கிடைக்கவில்லையென்றால் அஞ்சவேண்டாம். இறப்பை உறுதியாகக் கொள்ளத்தக்க சாட்சிகளை விசாரித்து, அவர் இறந்தார் என ஆயர் அறிவிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வெறுமனே நெடுநாள் காணவில்லை என்பது மட்டும் போதாது. அன்று வேலைக்குச் சென்றதைக் கண்டவர்கள், ஆலையின் வருகைப் பதிவு, காவல்துறையின் அறிக்கை எல்லாம் உதவும். டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரால் அரசு நடத்தும் விதவை மறுமண உதவித் திட்டத்துக்கு மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அதில் தாலிக்கு 8 கிராம் தங்கமும் அடங்கும். முதலில் மகளை மட்டும் அழைத்துக்கொண்டு பங்குத் தந்தையிடம் செல்லுங்கள். மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிக்கவேண்டியிருப்பதால், தபசு காலம் தொடங்குமுன் மணத்தை முடிக்க எண்ணினால் ஒரு மாதம் முன்னதாகவே போவது நல்லது.